எருக்குழிச் சூடும் பாட்டில் பிளாஸ்டிக்கும்

(விவசாயப் பெருமக்களுக்கான வானொலி உரை)



ஐப்பசி, கார்த்திகையில் மழை பலமாகப் பிடித்தால் பூண்டி ஏரியின் மதகைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தியில் கேட்கிறோம். அந்தத் தண்ணீர் கொசஸ்தலையாற்றில் இறங்கி, திருவள்ளூர் மாவட்டத்து வயல்களை ஒட்டியே ஓடி, கடைசியில் எண்ணூரில் கடலோடு சேருகிறது. ஆறு கடலில் விழுகிற அந்த இடத்தின் கரையிலே இருக்கிறது முகத்துவாரக்குப்பம் என்கிற மீனவர் ஊர். பேரே இடத்தைச் சொல்லிவிடுகிறது.

ஆறு தண்ணீரை மட்டும் கொண்டுபோவதில்லை. மேலே நாம் வரப்பில் போட்ட யூரியா சாக்கு, மருந்து டப்பா, கல்யாணப் பந்தியில் குடித்துவிட்டு எறிந்த தண்ணீர் பாட்டில், கிழிந்த மல்ச்சிங் ஷீட், பட்டணத்துக்காரர்கள் கால்வாயில் தள்ளிய கேரிபேக் எல்லாம் கலந்துதான் போகிறது. அங்கே முகத்துவாரத்தில் வலை போடுகிறவர், மீனை எடுப்பதற்கு முன்னாலே இதையெல்லாம் வலையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. காலி பாட்டிலை மூடி போட்டு எறிந்தால் மிதந்து கடலுக்குப் போகும். உடைந்து நொறுங்கிய பாட்டில் துண்டு தண்ணீரைவிடக் கனம். அது சேற்றில் அமிழ்ந்துவிடும். கழிமுகத்துச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கிற ஜனங்களின் விரலுக்குத்தான் அது அகப்படும்.

"இந்தப் பிளாஸ்டிக்கைத் தின்கிற கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார்களாமே, கொண்டுவந்து தெளித்தால் போதுமாமே?" என்று பல பேர் கேட்கிறார்கள். பத்திரிகையிலும் அப்படித்தான் தலைப்புப் போடுகிறார்கள். அதிலே பாதி உண்மை, பாதி உண்மையில்லை. உண்மையாக இருக்கிற பாதி எங்கேயிருந்து வந்தது தெரியுமா? நம்முடைய எருக்குழி மாதிரி ஒரு தழைக் குப்பையிலிருந்து வந்தது. அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதலிலே எருக்குழியின் சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாகப் போட்ட குப்பை மேட்டில் நாலைந்து நாள் கழித்து ஒரு இரும்புக் கம்பியைச் செருகி, சற்று நேரம் விட்டு உருவிப் பாருங்கள். கை வைக்க முடியாது. ஈர வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே வெந்து புகைகிறதும் நீங்கள் பார்த்ததுதான். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற வெள்ளைக்காரர் 1924லிருந்து 1931 வரை இந்தூரில் இருந்த பயிர் ஆராய்ச்சி நிலையத்தில், நம்ம நாட்டு விவசாயிகளின் பழக்கத்தையும் பார்த்து, கழிவிலிருந்து எருச் செய்கிற முறையை ஒழுங்குபடுத்தினார். இந்தூர் முறை என்று வேளாண்மை விரிவாக்கக்காரர்கள் சொன்னது அதுதான். ஆரம்பத்தில் குவியல் 65 டிகிரி வரை சூடாகும், பிறகு மெல்ல மெல்லத் தணிந்து சுமார் 90 நாளில் எரு தயாராகும் என்று அளந்து எழுதிவைத்தார்கள்.

யாரும் நெருப்பு வைக்கவில்லையே, அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? கோடி கோடியாய் நுண்ணுயிர்கள் தழையைத் தின்று மூச்சுவிடுவதால் வருகிற சூடு அது. ஆனால் அந்தச் சூட்டில் அவையே சாக வேண்டுமே என்று தோன்றும். பெரும்பாலானவை செத்துத்தான் போகின்றன. நோய்க்கிருமியும் களை விதையும் சாவதும் அதனால்தான். சில வகைகள் மட்டும் 60, 70 டிகிரியில்தான் நன்றாக வேலை செய்யும். ஆறிப்போனால் முடங்கிவிடும். சூட்டை விரும்பும் நுண்ணுயிர்கள் என்று அவற்றைச் சொல்கிறார்கள்.

நுண்ணுயிருக்குப் பல் கிடையாது. அது தின்பதற்கு நொதி என்ற ஒரு பொருளைக் கக்குகிறது. என்சைம் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேழ்வரகை முளைகட்டினால் இனிப்புத் தட்டுகிறதே, அது முளைக்குள் இருக்கிற நொதி மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குவதால். நம் வாய் எச்சிலிலும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. நொதி என்றால் ஒரு சின்னக் கத்தரிக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கத்தரிக்கும் ஒரே ஒரு வகை முடிச்சைத்தான் வெட்டத் தெரியும். மாவை வெட்டுவது எண்ணெயை வெட்டாது. இந்த ஒரு விஷயத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாலே தேவைப்படும்.

நொதி என்பது புரதம். முட்டையின் வெள்ளைக்கருவும் புரதந்தான். சூடு பட்டால் அது கட்டிப்பட்டு விடுகிறது, திரும்பப் பழையபடி ஆகாது. சாதாரண நொதியும் அப்படித்தான், சூட்டில் கெட்டுப்போகும். ஆனால் சூட்டிலேயே வாழ்கிற நுண்ணுயிரின் நொதி கெடாது. அது இறுக்கிக் கட்டின கட்டு மாதிரி. தாமஸ் பிராக் என்ற அமெரிக்கர் 1966ல் யெல்லோஸ்டோன் என்ற இடத்து வெந்நீர் ஊற்றில் அப்படி ஒரு பாக்டீரியாவைப் பிடித்தார். 1969ல் அதற்குத் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பேர் வைத்து வெளியிட்டார். வெந்நீர் ஊற்றில் கிருமி தேடுகிறவருக்கு வேறு வேலை இல்லையா என்றுகூட நினைக்கலாம். 2020ல் கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் சோதனை செய்தார்களே, அந்தச் சோதனை நடந்ததே அந்தப் பாக்டீரியாவின் சூடு தாங்கும் நொதி வழியாக வந்த முறையால்தான். நொதி சூடு தாங்கினால் தொழிற்சாலையில் அதற்கு வேலை கிடைக்கும் என்பதை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்தது அந்த ஊற்றுதான்.

சரி, பிளாஸ்டிக்குக்கு வருவோம்.

பிளாஸ்டிக் என்று ஒரே பேர் வைத்தாலும் அது ஒரு சாதி இல்லை. நெல், கம்பு, உளுந்து எல்லாவற்றையும் தானியம் என்று சொல்கிற மாதிரி. கேரிபேக், சொட்டுநீர்க் குழாய், மல்ச்சிங் ஷீட் எல்லாம் பாலித்தீன். இங்கிலாந்தில் 1933ல் தற்செயலாகக் கிடைத்தது. யூரியா சாக்கு பாலிபுரொப்பிலீன். மீன் வலை நைலான். தண்ணீர் பாட்டிலோ வேறு. அதற்கு பெட் என்று பேர். 1941ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள். பாட்டிலுக்காக இல்லை, துணிக்காக! டெரிலீன் சட்டை என்று ஒரு காலத்தில் மாப்பிள்ளைக்குத் தைத்துப் போட்டோமே, டெரிகாட்டன் என்று பருத்தியோடு கலந்து நெய்தார்களே, அதெல்லாம் இந்தப் பெட்தான். 1973ல் அமெரிக்காவில் நதானியேல் வைத் என்பவர் அதையே ஊதிப் பாட்டிலாக்குவதற்கு உரிமை வாங்கினார். சட்டையும் பாட்டிலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லலாம்.

முகத்துவாரக்குப்பத்திலிருந்து பக்கத்திலேதான் மணலி. அங்கே 1969ல் கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்தது. அதைச் சுற்றி ரசாயன ஆலைகள் வந்தன. பாலியெஸ்டர் ஆலையும் மணலியில் இயங்கியதுண்டு. ஆகவே பிளாஸ்டிக்கின் ஊற்றுக்கண்ணும் அது போய்ச் சேருகிற கழிமுகமும் சில மைல் தூரத்துக்குள்ளேயே இருக்கின்றன. இந்த மாதிரி இடம் நாட்டில் அதிகம் இருக்காது.

பெட் என்பது இரண்டு சிறு பொருள்களை மாற்றி மாற்றிக் கோத்த நீண்ட சங்கிலி. டெரிப்தாலிக் அமிலம் ஒன்று, கிளைக்கால் ஒன்று. இந்த இரண்டையும் சேர்க்கிற முடிச்சுக்கு எஸ்டர் என்று பேர். நல்லெண்ணெயிலும் நெய்யிலும் இருப்பது இதே வகை முடிச்சுத்தான். அதனாலேதான் இந்த முடிச்சு நுண்ணுயிருக்குப் பழக்கமானது.

இன்னொரு இடத்திலும் அது இருக்கிறது. வாழை இலையில் தண்ணீர் தெளித்தால் ஒட்டாமல் உருண்டோடுகிறது அல்லவா? இலையின் மேல்தோலில் க்யூட்டின் என்ற ஒரு பூச்சும் அதன்மேல் மெழுகும் இருக்கின்றன. க்யூட்டின் என்பது என்ன என்று பார்த்தால், செடி தானாகச் செய்துகொள்கிற ஒரு பாலியெஸ்டர்! இலை உதிர்ந்து குப்பையில் விழுந்தால், நுண்ணுயிர் முதலிலே இந்தத் தோலைக் கிழித்தால்தான் உள்ளே போக முடியும். அதற்கென்று ஒரு கத்தரிக்கோலை அது எத்தனையோ யுகமாக வைத்திருக்கிறது. க்யூட்டினேஸ் என்று பேர். இலைத் தோலை வெட்டுகிற கத்தரி பாட்டிலை வெட்டுமா என்று யாரோ ஒருவர் கேட்கத்தானே வேண்டும்?

ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் என்ற ஊரில் முல்லர் என்பவரும் அவர் கூட்டாளிகளும் கேட்டார்கள். மக்கும் குவியலிலும் பூத்த வைக்கோலிலும் வாழ்கிற தெர்மோபிஃபிடா ஃபஸ்கா என்ற நுண்ணுயிரின் நொதியை எடுத்து, 55 டிகிரிச் சூட்டில் பாட்டில் பெட்டோடு போட்டார்கள். மூன்று வாரத்தில் ஏறக்குறைய பாதி எடை கரைந்துவிட்டது. 2005ல் இதை வெளியிட்டார்கள். அதுவரை பெட் மக்கவே மக்காது என்றுதான் புத்தகத்தில் எழுதியிருந்தது.

அடுத்தது ஜப்பான். ஒசாகா மாகாணத்தில் 1970ல் உலகப் பொருட்காட்சி நடந்த மைதானம் இப்போது பூங்காவாக இருக்கிறது. அங்கே வெட்டுகிற இலை, கிளைகளைக் குவித்து எருவாக்குகிறார்கள். ஒசாகா பல்கலைக்கழகத்துக்காரர்கள் அந்தக் குவியலிலிருந்து கொஞ்சம் எடுத்தார்கள். நுண்ணுயிரைப் பிடித்து வளர்க்கவில்லை. அதிலே பெரும்பாலானவை ஆய்வுக்கூடத்தில் வளராது. அதற்குப் பதிலாகக் குவியலில் இருந்த எல்லா உயிரின் மரபுப் பொருளையும் ஒட்டுமொத்தமாகப் பிரித்தெடுத்து, துண்டு துண்டாக வேறொரு பாக்டீரியாவில் ஏற்றி, எந்தத் துண்டு க்யூட்டினேஸ் செய்கிறது என்று சலித்துப் பார்த்தார்கள். ஒன்று அகப்பட்டது. 2012ல் அறிவித்தார்கள். இலைக்கிளை எரு க்யூட்டினேஸ் என்றே பேர். பெற்ற தாய் எந்த நுண்ணுயிர் என்று தெரியாமலே பிள்ளைக்குப் பேர் வைத்துவிட்டார்கள் பாருங்கள்! அது பெட்டையும் வெட்டியது, 70 டிகிரிச் சூட்டையும் தாங்கியது.

இதற்கு நடுவிலே 2016ல் ஜப்பானில் இன்னொரு கண்டுபிடிப்பு வந்து, பத்திரிகையெல்லாம் அதையே பேசியது. சகாய் என்ற ஊரில் பாட்டில் கழிவுகளைச் சேர்க்கிற இடத்தில் 250 மாதிரி எடுத்துப் பார்த்ததில், பெட்டையே சாப்பாடாக வைத்து வளர்கிற ஒரு பாக்டீரியா கிடைத்தது. இடியோனெல்லா சகாயென்சிஸ் என்று ஊர்ப் பேரையே சேர்த்து வைத்தார்கள். "பிளாஸ்டிக் தின்னும் கிருமி" என்று நாம் கேட்கிற கதை இதுதான். ஆச்சரியந்தான், மறுக்கவில்லை. ஆனால் அது வேலை செய்தது 30 டிகிரியில். மெல்லிய, தளர்ந்த பெட் தாள் ஒன்றைத் தின்ன ஆறு வாரம் ஆயிற்று. கெட்டியான பாட்டில் என்றால் திணறிப்போகும். வயலில் ஒரே ஆள் இறங்கி நூறு ஏக்கர் அறுக்கிற மாதிரி.

ஏன் அப்படி? இங்கேதான் சூட்டின் ரகசியம் இருக்கிறது. பனைவெல்லம் குளிர்ந்து கிடந்தால் கல். அடுப்போரம் வைத்தால் இளகும். பெட்டும் அறைச் சூட்டில் கண்ணாடி மாதிரி விறைத்து நிற்கிறது. 70 டிகிரியை ஒட்டி வரும்போது அதன் சங்கிலிகள் இளகி, உருகாமலே, அசைந்து கொடுக்க ஆரம்பிக்கின்றன. அப்போதுதான் கத்தரி உள்ளே நுழைய இடம் கிடைக்கும். அந்தச் சூட்டில் சாதாரண நொதி வெந்துவிடும். ஆக, பாட்டில் இளகுகிற சூட்டில் தான் இளகாத கத்தரி வேண்டும். வெந்நீர் ஊற்றும் எருக்குழியும் அல்லாமல் வேறு எங்கே போய்த் தேடுவது?

பிரான்ஸ் நாட்டில் துலூஸ் நகரத்து விஞ்ஞானிகளும் கார்பியோஸ் என்ற கம்பெனியும் சேர்ந்து ஒசாகா எருக்குவியலின் நொதியை எடுத்துக்கொண்டார்கள். அதன் கட்டமைப்பில் நாலே நாலு இடத்தில் மாற்றம் செய்தார்கள். சில மாற்றம் அதை இன்னும் இறுக்கிக் கட்ட, சில வேகமாக வெட்ட. 85 டிகிரி சுமாரில் கெட்டுப்போன நொதி, 90ஐத் தாண்டியும் நிலைத்தது. 2020 ஏப்ரலில் முடிவை வெளியிட்டார்கள்: 72 டிகிரிச் சூட்டில், 10 மணி நேரத்தில், தொட்டியில் போட்ட பெட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பிரிந்து, பழைய அமிலமும் கிளைக்காலுமாக ஆகிவிட்டது. ஆறு வாரம் எங்கே, பத்து மணி நேரம் எங்கே! அந்த அமிலத்தைச் சுத்தம் செய்து மறுபடி பெட் ஆக்கி, பாட்டிலும் செய்து காட்டினார்கள்.

பழைய முறைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். இப்போதும் பாட்டிலைப் பொறுக்கி, கழுவி, நறுக்கி, உருக்கி நூலாக்குகிறார்கள். நம்ம கரூரிலேயே அப்படி நூலாக்கித் துணி செய்கிற ஆலை இருக்கிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீல மேல்சட்டை அப்படிப் பாட்டிலிலிருந்து வந்த துணிதான். நல்ல வேலை. ஆனால் ஒவ்வொரு தடவை உருக்கும்போதும் சங்கிலி கொஞ்சம் கொஞ்சமாக அறுந்து தரம் இறங்குகிறது. நிறம் போட்ட பாட்டிலும் கலப்புத் துணியும் வந்தால் இன்னும் சங்கடம். நொதி முறையில் சங்கிலியை மணி மணியாகப் பிரித்துவிடுவதால், புதிதாகக் கோத்த மாதிரி வரும். பழைய சட்டையிலிருந்து தெளிவான பாட்டில் வருகிற வழி இது.

இவ்வளவு நல்லதென்றால் ஏன் இன்னும் ஊருக்கு ஊர் வரவில்லை? நொதியோடு கதை முடியவில்லை. பாட்டில் கெட்டியாக, சங்கிலிகள் வரிசையாக அடுக்கி இறுகிக் கிடப்பது. கத்தரிக்கு அது அசையாது. முதலிலே உருக்கி, சட்டென்று குளிரவைத்து, அடுக்கைக் கலைத்து, பொடியாக அரைக்க வேண்டும். தொட்டியில் அமிலம் சேரச் சேரக் காரம் ஊற்றிச் சரிக்கட்ட வேண்டும். அதற்கு மின்சாரம், காரம், சுத்திகரிப்பு என்று செலவு. அதே நேரத்தில் எண்ணெயிலிருந்து செய்கிற புது பெட் மலிவாகக் கிடைக்கிறது. அந்தப் பிரெஞ்சுக் கம்பெனி 2021ல் மாதிரி ஆலை தொடங்கியது. வருஷத்துக்கு 50,000 டன் பிரிக்கிற பெரிய ஆலைக்கு 2024ல் அடிக்கல் நாட்டியது. அந்த வருஷக் கடைசியிலேயே பணம் திரட்ட அவகாசம் வேண்டும் என்று வேலையைத் தள்ளிவைத்தது. அறிவு வந்துவிட்டது, வரவு செலவுக் கணக்கு இன்னும் ஒத்துவரவில்லை என்பதுதான் நிலைமை. என் அபிப்பிராயத்தில், புது பிளாஸ்டிக் இவ்வளவு மலிவாக இருக்கிற வரைக்கும் எந்த நொதியும் தன் காலில் நிற்காது.

இப்போது அந்த மறக்க வேண்டாம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கத்தரி ஒரு முடிச்சைத்தான் வெட்டும். பெட்டுக்கு எஸ்டர் முடிச்சு இருக்கிறது. பாலித்தீனுக்கு அந்த முடிச்சே கிடையாது. அது கரியோடு கரி நேராகக் கோத்த சங்கிலி. பாலிபுரொப்பிலீனும் அப்படியே. எங்கே பிடித்து வெட்டுவது என்று நுண்ணுயிருக்கு வழி தெரியவில்லை. ஆகவே கேரிபேக்கும், யூரியா சாக்கும், சொட்டுநீர்க் குழாயும் மேலே சொன்ன கதையில் சேரவே சேராது.

இதை வேறு நாட்டில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. முகத்துவாரத்துக்குத் தெற்கே சென்னைத் துறைமுகத்திலேயே சோதித்திருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த முகேஷ் டோபிள் முதலானவர்களும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தாரும் சேர்ந்து, பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் துண்டுகளைத் துறைமுகத் தண்ணீரிலும் மீன்வள அளவைத் துறையின் இடத்திலும் ஆறு மாதம் ஊறப்போட்டார்கள். அவற்றின் மேல் பாசி, சிப்பி, நுண்ணுயிர் எல்லாம் நன்றாகத்தான் படிந்தன. எடுத்துக் கழுவி நிறுத்துப் பார்த்தால், மெல்லிய வகைப் பாலித்தீனில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டரை பங்குதான் எடை குறைந்திருந்தது. கெட்டி வகையிலும் பாலிபுரொப்பிலீனிலும் ஒரு பங்குகூட முழுசாகக் குறையவில்லை. 2007ல் வெளியான ஆய்வு இது. அந்த வேகத்திலேயே போனாலும் ஒரு துண்டு தீர்வதற்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். கடலிலிருந்து எடுத்த பேசில்லஸ் வகை பாக்டீரியாவைத் தனியாக ஒரு வருஷம் வளர்த்துப் பார்த்ததில், மெல்லிய வகை சுமார் பத்துப் பங்கு எடை குறைந்தது. முன்னாலேயே சூடு காட்டிப் பக்குவப்படுத்திய துண்டு அதைவிட அதிகம் குறைந்தது. பாருங்கள், இங்கேயும் சூடு வந்து உதவுகிறது. ஆனால் ஒரு வருஷ வேலை!

மீனவர் வலைக்கும் இதே நிலைமைதான். ஒரு விசித்திரம் கேளுங்கள். 1975ல் ஜப்பானில் ஒரு நைலான் ஆலையின் கழிவு நீரில், நைலான் செய்யும்போது உதிர்கிற சிறு துண்டுகளைத் தின்கிற பாக்டீரியாவைப் பிடித்தார்கள். நைலான் பூமியில் வந்து நாற்பது வருஷங்கூட ஆகாத நேரம்! அதன் நொதியைச் சூடு தாங்குகிற மாதிரி திருத்தியும் விட்டார்கள். ஆனாலும் முழு நைலான் மேல் பல நொதிகளைச் சோதித்து 2024ல் வெளியான ஆய்விலே, பிரிந்தது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அறுந்து ஆற்றில் போன வலை அங்கேயே கிடந்து நண்டையும் மீனையும் மாட்டிவைப்பது நிற்கவில்லை.

"எண்ணெயைத் தின்கிற கிருமி உண்டே, எண்ணூரிலேயே போட்டார்களே?" என்று சிலர் கேட்பார்கள். சரியான கேள்வி. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது. ஜனங்கள் வாளியால் அள்ளினார்கள். அள்ளிய எண்ணெய்ச் சேற்றின் மேல் நுண்ணுயிரைக் கலந்து மக்கவைத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து கழிமுகம் பூராவும் படிந்து, முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் முதலான ஊர்களின் படகும் வலையும் கெட்டு, பிழைப்பே நின்றது. கச்சா எண்ணெயைத் தின்கிற பாக்டீரியா எக்காலத்திலும் உண்டு. பூமியிலிருந்து கோடிக்கணக்கான வருஷமாக எண்ணெய் கசிகிறது, அவை பழகிவிட்டன. அதே எண்ணெயில் செய்த பாலித்தீனை ஏன் தின்னாது என்றால், எண்ணெய்ச் சங்கிலி குட்டை, பாலித்தீன் சங்கிலி அதைப்போலப் பல நூறு மடங்கு நீளம். நுண்ணுயிரின் வாய்க்குள் போகாது. வந்தும் நூறு வருஷம் ஆகவில்லை.

அங்கே அனல்மின் நிலையத்து வெந்நீர் கழிமுகத்தில் விழுகிறதே, அந்தச் சூட்டில் நுண்ணுயிர் வளர்த்து விடலாமா என்றும் கேட்பதுண்டு. அந்தச் சூடு மீனுக்குத்தான் சங்கடம். 70 டிகிரிக்குப் பக்கத்தில்கூட அது வராது. இந்த நொதி வேலை செய்கிற இடம் ஆலைத் தொட்டி. ஆற்றிலும் கடலிலும் தெளிக்கிற மருந்து அல்ல.

இதிலே நமக்குப் படுகிற சமாசாரம் சிலது இருக்கிறது. எரு சூடாகத்தானே இருக்கிறது என்று பாட்டிலை எருக்குழியில் போடாதீர்கள். குழி சில நாள்தான் அந்தச் சூட்டில் இருக்கும், பாட்டிலோ இறுகின சாதி. நுண்ணுயிருக்குத் தழை இருக்கும்போது அதை ஏன் தொடப் போகிறது? நுணுங்கி மண்ணில் கலப்பதுதான் மிச்சம். "மக்கும்" என்று அச்சடித்த பை, தம்ளர் வந்தாலும் கவனம். அதில் பலவும் 55, 60 டிகிரிச் சூட்டுக் குவியலில் மாதக்கணக்கில் கிடந்தால்தான் மக்கும். வாய்க்காலில் எறிந்தால் பிளாஸ்டிக் மாதிரியே மிதந்துகொண்டு எண்ணூர் போய்ச் சேரும். நகராட்சிக் குப்பையில் செய்த எரு வாங்கினால் சலித்துப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் துணுக்கு இருந்தால் அது உங்கள் நிலத்தை விட்டுப் போகாது.

மல்ச்சிங் ஷீட் போட்டவர்கள் அறுவடை முடிந்ததும், ஏர் ஓட்டுவதற்கு முன்னாலே, முழுசாக உருவி எடுத்துவிட வேண்டும். ஒரு தடவை டிராக்டர் ஏறிக் கிழிந்தால் பிறகு பொறுக்கித் தீராது. பூச்சிமருந்து டப்பாவை மூன்று தடவை அலசி, அலசிய தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, டப்பாவை ஓட்டை போட்டுத் தனியாக வையுங்கள். அதை வீட்டுப் புழக்கத்துக்கோ காயலான் கடைக்கோ தர வேண்டாம், வாங்கிய கடையிலேயே திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். எதையும் கொளுத்தாதீர்கள், புகை உங்கள் மூக்குக்குத்தான்.

பாட்டிலின் அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 1 என்று போட்டிருந்தால் அது பெட். 2, 4 என்றால் பாலித்தீன் வகை, 5 என்றால் பாலிபுரொப்பிலீன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் கேரிபேக், பிளாஸ்டிக் கப், தண்ணீர் பாக்கெட் போன்றவைக்குத் தடை உண்டு, பாட்டில் அந்தத் தடையில் வரவில்லை. ஆனால் 1ஆம் நம்பர் பாட்டிலுக்கு விலை உண்டு. சேறு படியாமல், வேறு எதுவும் கலக்காமல் இருந்தால் காயலான் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்வார். இன்றைக்கு அது கரூர் மாதிரி ஊர்களுக்கு நூலாகப் போகும். நாளைக்கு நொதித் தொட்டி வந்தாலும் அதுவும் கேட்கப் போவது இதே சுத்தமான பாட்டிலைத்தான். ஆற்றுச் சேற்றில் புதைந்ததை எந்தத் தொட்டியும் வந்து தேடி எடுக்காது.

ஐப்பசி மழைக்கு முன்னாலே வாய்க்கால் தூர் வாருவோம் அல்லவா? அன்றைக்கு ஒரு பழைய யூரியா சாக்கைக் கையோடு எடுத்துப் போங்கள். கரையில் கிடக்கிற பாட்டிலையும் ஷீட்டையும் அதிலே அள்ளிக் கட்டிவிட்டுத் தூரை வாருங்கள். பூண்டி மதகு திறந்த பிறகு அதையெல்லாம் முகத்துவாரக்குப்பத்தில்தான் பொறுக்க வேண்டியிருக்கும்.